பூட்டை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு மேசையில உட்காருங்க

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறவங்களும், வாடகை வீட்டுல இருக்கிறவங்களும் தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிங்க. சிலர் ரெண்டுமாவும் இருக்கீங்க. இங்க ஒரு வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, வேலைக்காக இன்னொரு ஊர்ல வாடகைக்கு இருக்கிறவங்க நம்மில் நிறைய பேர்.

வாடகைத் தகராறுக்குக் கோர்ட்டுக்கு ஓடாதீங்கன்னு சொல்லத்தான் எழுதுறேன். ஆனா அதோட சேர்த்து இன்னொண்ணும் சொல்லணும். கோர்ட்டுக்குப் போகலைங்கிறதுக்காக நீங்களே கோர்ட்டா மாறிடாதீங்க. இந்த ரெண்டாவது விஷயத்தை யாரும் சொல்றதில்லை. அதனாலதான் பிரச்சினை பெருசாகுது.

நான் வழக்கறிஞர் இல்லை. வெள்ளிக்கிழமை அர்ச்சனைச் சீட்டு கவுண்டர்ல உட்காருறவன், அன்னதானத்துல சாம்பார் வாளி தூக்குறவன். ஆனா கவுண்டர்ல உட்கார்ந்தா காதுல எல்லாமே விழும். "அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்ச லோயர் யாராச்சும் இருக்காங்களா?"ன்னு கேட்டு வர்றவங்கள்ல பல பேருக்கு வாடகைப் பிரச்சினைதான். வீட்டுக்காரரும் நம்ம பக்தர், குடியிருக்கிறவரும் நம்ம பக்தர். ஒருத்தர் முருகன் சன்னதியில நிப்பார், இன்னொருத்தர் துர்க்கை சன்னதியில நிப்பார். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா முகத்தைத் திருப்பிக்குவாங்க.

முதல்ல ஒரு தப்பு எண்ணத்தைக் கழட்டி வைப்போம். வீட்டுக்காரர்னா பணக்காரர்னு நினைச்சுக்கிறோம். நம்ம ஆளுங்கள்ல பெரும்பாலான வீட்டுக்காரர் யாரு? வேலை ஓய்வு பெற்று, இ.பி.எஃப். பணத்துல ஒரு அபார்ட்மெண்ட் வாங்கிப் போட்டவங்க. இல்லைன்னா இன்னும் பேங்குக்குக் கடன் கட்டிக்கிட்டு இருக்கிறவங்க. உதாரணத்துக்கு, வாடகை மாசம் 1,000 வெள்ளின்னு வைங்க. பேங்க் கடன் 850, பராமரிப்புக் கட்டணம் 120. மிச்சம் 30 வெள்ளி. வீட்டு வரி கட்ட அதுவும் பத்தாது. ரெண்டு மாசம் வாடகை வரலைன்னா அந்த மனுஷன் தூங்க மாட்டார்.

இப்போ அந்தப் பக்கம் பாருங்க. அதே 1,000 வெள்ளி வீட்டுக்குள்ள நுழைய வழக்கமா ரெண்டு மாச டெப்பாசிட் 2,000, கரண்ட் தண்ணிக்கு அரை மாசம் 500, முதல் மாச வாடகை 1,000. மொத்தம் 3,500 வெள்ளி. இது சட்டம் சொன்ன கணக்கு இல்லை, நாட்டுல நடக்குற வழக்கம். வீடு மாறணும்னா புது வீட்டுக்கு 3,500 எடுத்து வைக்கணும். பழைய வீட்டுக்காரர்கிட்ட இருக்கிற 2,500 உடனே வராது. சம்பளக்காரக் குடும்பம் நகையை அடகு வைக்கிறது இந்த இடத்துலதான். டெப்பாசிட் ஒரு மாசம் தள்ளிப் போனா வீட்டுக்காரருக்கு அது ஒரு மாசம்தான். அவங்களுக்கு அது தாலிக்கொடிக்கு வட்டி.

ரெண்டு பக்கமும் விளிம்புல நிக்கிறவங்கதான். அதனாலதான் வார்த்தை சீக்கிரம் தடிக்குது.

பூட்டை மாத்துறது பத்தி

கோபம் வந்தா வீட்டுக்காரர் முதல்ல சொல்றது, "என் வீடு, என் சாவி, நாளைக்கே பூட்டை மாத்துறேன்." சிலர் கரண்ட்டை வெட்டுவாங்க, தண்ணி மீட்டரை மூடுவாங்க, சாமானைத் தூக்கி வாசல்ல வைப்பாங்க.

செய்யாதீங்க. நம்ம நாட்டுல 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தோட 7(2) பிரிவு இதைத் தெளிவா சொல்லுது. வாடகை ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் குடியிருந்தவர் வீட்டை விட்டுப் போகலைன்னா, நீதிமன்ற நடவடிக்கை மூலமா மட்டும்தான் வீட்டைத் திரும்ப எடுக்க முடியும். அவர் வாடகை பாக்கி வச்சிருந்தாலும் அதேதான். நீங்களா பூட்டை மாத்தினா நியாயம் உங்க பக்கம் இருந்தும் தப்பு உங்க பக்கம் வந்துடும். வாங்க வேண்டிய 3,000 வெள்ளிக்குப் பதிலா நீங்க நஷ்டஈடு கொடுக்குற நிலைமை வரலாம்.

அதே மாதிரி "வாடகை தரலை, டிவியைத் தூக்கிட்டு வந்துட்டேன்"னு சொல்றதும் கூடாது. பாக்கிக்காகப் பொருளைக் கைப்பற்ற 1951ஆம் ஆண்டுல இருந்தே தனிச் சட்டம் இருக்கு. ஆனா அதுக்கும் நீதிமன்றத்துல விண்ணப்பம் போட்டு ஆணை வாங்கணும். விண்ணப்பிக்கிற தேதிக்கு முந்தின 12 மாச பாக்கி வரைக்கும்தான் கேட்கலாம். பொருளை எடுக்க நீதிமன்ற அதிகாரி வருவார். உங்க மச்சான் வேன் எடுத்துக்கிட்டுப் போறது அதுல சேராது.

குடியிருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. "சட்டம் என் பக்கம், யாரும் என்னை அசைக்க முடியாது"ன்னு உட்கார்ந்துடாதீங்க. ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் காலி பண்ணாம இருந்தா, 1956ஆம் ஆண்டு குடிமைச் சட்டத்தோட 28(4) பிரிவுப்படி வீட்டுக்காரர் இரட்டை வாடகை கேட்கலாம். 1,000 வெள்ளி வீட்டுக்கு மாசம் 2,000. நாலு மாசம் இழுத்தா 8,000. கேஸ் முடியும்போது அது உங்க தலையிலதான் விழும். இன்னொரு பழக்கமும் இருக்கு: "கடைசி ரெண்டு மாசம் வாடகை கட்ட மாட்டேன், டெப்பாசிட்ல கழிச்சுக்குங்க"ன்னு நாமே முடிவு பண்றது. வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டா சரி. ஒத்துக்காம செஞ்சா அது பாக்கிதான்.

கோர்ட்டு வேணவே வேணாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். 5,000 வெள்ளிக்குள்ள இருக்கிற தொகைக்கு, மஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்துல சிறு கோரிக்கை வழக்குன்னு ஒண்ணு இருக்கு. வழக்கறிஞர் இல்லாம நீங்களே பாரம் நிரப்பிப் போடலாம். டெப்பாசிட் தகராறு பலதும் இந்தத் தொகைக்குள்ளதான் வரும். அது ஏழைக்கு இருக்கிற நல்ல கதவு. ஆனா அது பணத்துக்கு மட்டும்தான், வீட்டைக் காலி பண்ண வைக்க உதவாது. அதுக்கு வழக்கமான வழக்குதான் போடணும், வழக்கறிஞர் வேணும், தேதி மேல தேதி வாங்கணும்.

சில நாடுகள்ல வாடகைக்குன்னே தனித் தீர்ப்பாயம் இருக்கு. நம்ம நாட்டுல குடியிருப்பு வாடகைக்குத் தனிச் சட்டம் கொண்டு வரணும்னு பல வருஷமா பேசிக்கிட்டு இருக்காங்க. அது வர்ற வரைக்கும் ஒப்பந்தச் சட்டம் ஒரு பக்கம், மத்த சட்டம் ஒரு பக்கம்னு துண்டு துண்டாத்தான் இருக்கு. முன்ன ஒரு காலத்துல 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்துச்சு, 1948 ஜனவரி 31க்கு முன்னாடி கட்டின கட்டடங்களுக்கு. 1997ல அதை ரத்து பண்ண சட்டம் போட்டாங்க, 1999 கடைசியோட சலுகைக் காலமும் முடிஞ்சுது. பினாங்குல பழைய கடைவீட்டு மாடியில தலைமுறையா இருந்தவங்களுக்கு அப்போ என்ன ஆச்சுன்னு அங்க இருக்கிற பெரியவங்களைக் கேளுங்க, சொல்வாங்க. அதனால இன்னைக்கு நம்மளைக் காப்பாத்துறது பெரும்பாலும் நாம எழுதி வச்சுக்கிற காகிதமும், நாம உட்கார்ந்து பேசுற பேச்சும்தான்.

"பேசிக்கிட்டே இருந்தா கேஸ் போடுற உரிமை போயிடுமோ"ன்னு சிலர் பயப்படுறாங்க. தீபகற்ப மலேசியாவுல வாடகை பாக்கிக்கு வழக்குப் போட பொதுவா 6 வருஷம் அவகாசம் இருக்கு. ஒரு மாசம் பேசிப் பார்க்கிறதால எதுவும் குடி முழுகிப் போகாது.

பேசினா என்ன கிடைக்கும்? கணக்குப் போட்டே பார்ப்போம்

வேலை போச்சு, மூணு மாசம் வாடகை பாக்கி, 3,000 வெள்ளி. கோர்ட்டுக்கு வெளியில ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி, அவர் வீட்டுலேயே இருக்கார். புது வேலை கிடைச்சாச்சு. மாச வாடகை 1,000, கூட பாக்கிக்கு 250. பன்னிரண்டு மாசத்துல பாக்கி தீரும். வீட்டுக்காரருக்குப் புது ஆள் தேடுற செலவு இல்லை, வீடு காலியா கிடக்குற மாசம் இல்லை.

ரெண்டாவது வழி, இனிமே கட்ட முடியாது, காலி பண்றார். டெப்பாசிட் 2,000 பாக்கியில கழியுது. மீதி 1,000 வெள்ளியை மாசம் 200ன்னு அஞ்சு மாசம் கட்டுறார். கரண்ட் தண்ணி பில் முடிச்சு அந்த 500 டெப்பாசிட்ல மிச்சத்தை வாங்கிக்கிறார். எந்தத் தேதி, எத்தனை மணிக்குச் சாவி கொடுக்கணும்னு எழுதிக்கிறாங்க. வீட்டுக்காரர் அடுத்த மாசமே வேற ஆளுக்கு விடலாம்.

எந்த வழியா இருந்தாலும் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். ஆனா ஆறு மாசம் வாடகையும் வராம, வீடும் கைக்கு வராம, வழக்கறிஞர் செலவும் கொடுத்து நிக்கிற நஷ்டத்தோட ஒப்பிட்டுப் பாருங்க.

டெப்பாசிட் சண்டையில பெயிண்ட்தான் வில்லன். "சுவர் அழுக்கா இருக்கு, பெயிண்ட் அடிக்க 900 வெள்ளி, டெப்பாசிட்ல கழிச்சுட்டேன்." மூணு வருஷம் ஒரு குடும்பம் இருந்த வீட்டுல சுவர் மங்கத்தான் செய்யும். அது புழக்கத் தேய்மானம். ஆணி அடிச்சு சுவர் பெயர்ந்து கிடந்தா, கதவு உடைஞ்சிருந்தா அது சேதம். தேய்மானத்துக்கு வீட்டுக்காரர், சேதத்துக்குக் குடியிருந்தவர். இந்த ஒரு கோட்டை ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாலே பாதி சண்டை தீரும். மீதிக்கு ரசீது கேளுங்க. உண்மையா செலவு ஆனதுக்கு ரசீது இருக்கும்.

அடுக்குமாடியில இன்னொரு சண்டை, கூரையில தண்ணி ஒழுகுறது. கீழ் வீட்டுல குடியிருக்கிறவர் வாடகையைப் பிடிச்சு வைப்பார், வீட்டுக்காரர் "நீதான் சரியா பார்த்துக்கலை"ன்னு கத்துவார். தப்பு பல நேரம் மேல் வீட்டுல இருக்கும். இதுக்கு வழி இருக்கு. மேல் மாடி ஒழுகலைப் பத்தி நிர்வாகக் குழுவுக்கு எழுத்துல கொடுத்தா, 7 நாளுக்குள்ள வந்து பார்க்கணும்னு 2015ஆம் ஆண்டு விதிமுறையில இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து நிர்வாக அலுவலகத்துக்குப் போங்க. சண்டை போட வேண்டிய ஆள் எதிர்ல இருக்கிறவர் இல்லை.

சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க

இதைக் கொஞ்சம் வருத்தத்தோடதான் எழுதுறேன். சிலர் ஆலயத்துக்குள்ளேயே வந்து, "சூடம் அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க, யார் சொல்றது பொய்யின்னு தெரிஞ்சுடும்"னு நிக்கிறாங்க.

எனக்கு இதுல உடன்பாடு இல்லை. ஒரு காரணம், பயந்த சுபாவம் உள்ளவங்க உண்மையைச் சொல்லிக்கிட்டு இருந்தும் சூடத்தைப் பார்த்ததும் பின்வாங்கிடுவாங்க. துணிஞ்சவன் கூசாம அடிப்பான். ரெண்டாவது, பல நேரம் ரெண்டு பேருமே அவங்க நினைச்சதைத்தான் சொல்றாங்க. "ஆறு மாசத்துக்கு ஏத்த மாட்டேன்னு சொன்னீங்க", "நான் அப்படிச் சொல்லவே இல்லை." ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வாசல்ல நின்னு பேசின பேச்சு யாருக்குச் சரியா ஞாபகம் இருக்கும்? இதுல பொய்யன் யாரும் இல்லாம போகலாம். சத்தியம் கேட்டா ஒருத்தர் பொய்யர்னு முத்திரை விழுந்தே ஆகணும். அதுக்கு அப்புறம் சமாதானம் ஏது?

சூடத்துக்குப் பதிலா காகிதத்தைக் கொண்டு வாங்க. ஒப்பந்தம், பேங்க்ல பணம் போட்ட ரசீது, வாட்ஸ்அப்ல பேசினது, உள்ள வந்த நாள்ல எடுத்த படம், கடைசி கரண்ட் பில். மேசையில பரப்பி வச்சதும் குரல் தானா இறங்குறதை நான் பார்த்திருக்கேன்.

போன வருஷம் இப்படித்தான் ஒரு அம்மாவும், அவங்க வீட்டுல இருந்த ஒரு தம்பியும் அன்னதான மண்டபத்துக்குப் பின்னாடி உட்கார்ந்தாங்க. அம்மா "நாலு மாசம் பாக்கி"ன்னாங்க. தம்பி "ரெண்டு மாசம்தான்"னான். கைப்பேசியில பேங்க் கணக்கைத் திறந்து தேதி தேதியா எழுதினப்போ மூணு மாசம்னு வந்துச்சு. ரெண்டு பேருமே மனசறிஞ்சு பொய் சொல்லலை. அரை அரை மாசமா கட்டினதுல கணக்கு குழம்பிடுச்சு. அம்மா தனியா இருக்கிறவங்க, அவங்களுக்கு மாசம் முதல் வாரத்துல மருந்து வாங்கப் பணம் வேணும். தம்பிக்கு 25ஆம் தேதிதான் சம்பளம். வாடகைத் தேதியை 1ல இருந்து 26க்கு மாத்தினாங்க. பாக்கிக்கு மாசம் 200. ஒரு பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. யாரும் தீர்ப்பு சொல்லலை.

யார் நடுவுல உட்காரணும்?

அந்தக் காலத்துத் தோட்டங்கள்ல கோயில்தான் பஞ்சாயத்து நடக்குற இடம். பெரியவங்க உட்கார்ந்து தீர்ப்பு சொல்வாங்க, அபராதம் போடுவாங்க, கேட்கலைன்னா ஒதுக்கி வைப்பாங்க. அதுல நல்லதும் இருந்துச்சு, கெட்டதும் இருந்துச்சு. நான் அதைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லலை. எங்களுக்குத் தீர்ப்பு சொல்ற அதிகாரம் எதுவும் கிடையாது, இருக்கவும் கூடாது. நடுவுல இருக்கிறவர் வேலை ரெண்டு பேரையும் பேச வைக்கிறது, கணக்கை எழுத வைக்கிறது. முடிவு அவங்க ரெண்டு பேரோடது.

ஒரு பெரிய ஆபத்தை வெளிப்படையா சொல்லிடுறேன். ஆலயத்துல வீட்டுக்காரர் உபயகாரரா இருப்பார், பேர் பலகையில இருக்கும். குடியிருக்கிறவர் கடைசி வரிசையில சாப்பிட்டுட்டுப் போறவரா இருப்பார். அப்போ ஆலயத் தலைவர் நடுவுல உட்கார்ந்தா அந்தக் கடைசி வரிசைக்காரருக்கு வாய் திறக்குமா? "சமரசம்னா ஏழை விட்டுக்கொடுக்கிறதுக்குப் பேர்"னு ஒரு அக்கா என்கிட்ட சொன்னாங்க. அவங்க சொன்னது பல இடத்துல உண்மை. அதை மறுக்க என்கிட்ட வார்த்தை இல்லை. அதனாலதான் சட்டத்தை மேல இவ்வளவு நீளமா எழுதினேன். தன்னைத் திடீர்னு வெளியே தள்ள முடியாதுன்னு தெரிஞ்சு உட்கார்றவர் பேசுற பேச்சு வேற. அது தெரியாம "சரிங்க ஐயா, சரிங்க ஐயா"ன்னு தலையாட்டுறவர் பேச்சு வேற. உரிமை தெரியாம பண்ற சமரசம் ஆறு மாசம் கூட நிக்காது.

அதனால என் கருத்துல சில ஒழுங்கு வேணும்.

நடுவுல ரெண்டு பேர் இருக்கட்டும், அதுல ஒருத்தராவது பெண்ணா இருக்கட்டும். ரெண்டு தரப்புக்கும் உறவோ, கடன்காரரோ, நன்கொடை வாங்கினவரோ ஆகாதவங்களா இருக்கணும்.

ரெண்டு பேரும் விருப்பப்பட்டு வரணும். "கோயில்ல கூப்பிடுறாங்க, வரலைன்னா பாரு"ன்னு யாரையும் மிரட்டக் கூடாது.

முதல்ல ஒவ்வொருத்தரும் பத்து நிமிஷம் தனியா பேசட்டும். எதிராளி முன்னாடி சொல்ல முடியாத விஷயம் இருக்கும், வேலை போனது, மருத்துவச் செலவு, பேங்க் நோட்டீஸ்.

அங்க கேட்டது அங்கேயே இருக்கணும். மறுநாள் பூ கட்டுற இடத்துல அது பேச்சா வந்துச்சுன்னா அந்த மேசைக்கு அப்புறம் யாரும் வர மாட்டாங்க.

முடிவை எழுதணும். யார், யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி, தவறினா என்ன. ஆளுக்கு ஒரு பிரதி. மலாய்லயோ ஆங்கிலத்துலயோ எழுதினா, தமிழ்ல சத்தமா படிச்சுக் காட்டின பிறகுதான் கையெழுத்து வாங்கணும். கையெழுத்துப் போட்ட உடன்பாடும் ஒரு ஒப்பந்தம்தான். நாளைக்கு யாராவது தவறினா அதைக் காட்டிச் சட்டப்படி கேட்கலாம்.

ஆலயம் இதுக்குக் கட்டணமும் வாங்கக் கூடாது, "முடிஞ்சா ஒரு அன்னதானம் பண்ணுங்க"ன்னு ஜாடையா கேட்கவும் கூடாது.

எல்லாத்தையும் மேசையில தீர்க்க முடியாது, அதையும் ஒத்துக்கணும். அடிதடி, மிரட்டல், பெண்கள்கிட்ட தப்பா நடந்துக்கிறது, ஆளோட கடப்பிதழைப் பிடுங்கி வைக்கிறது இதெல்லாம் சமரசத்துக்கு உரியது இல்லை. நேரா போலீஸ்தான்.

ஆலயத்துல வேணாம்னு நினைக்கிறவங்களுக்கும் வழி இருக்கு. தேசிய ஒற்றுமைத் துறை பயிற்சி கொடுத்த சமூக மத்தியஸ்தர்கள் ருக்குன் தெத்தாங்கா மூலமா பல தாமான்கள்ல இருக்காங்க. உங்க பகுதியில யாருன்னு விசாரிங்க. சட்டம் தெரிஞ்சுக்க அரசாங்கத்தோட சட்ட உதவித் துறையும், வழக்கறிஞர் மன்றத்தோட சட்ட உதவி மையங்களும் இருக்கு. மேசையில உட்கார்றதுக்கு முன்னாடி அங்க போய்க் கேட்டுட்டு வர்றது இன்னும் நல்லது.

இது ஏன் நம்ம எல்லாருக்கும் கவலை?

வாடகை விளம்பரம் பார்க்கிறவங்களுக்குத் தெரியும். "இந்தியர்களுக்கு இல்லை"ன்னு எழுதின விளம்பரத்தை நாம எல்லாருமே பார்த்திருக்கோம். சிலர் எழுத மாட்டாங்க, பேரைக் கேட்டதும் "வீடு போயிடுச்சு"ன்னு சொல்லிடுவாங்க. அது அநியாயம். அந்த அநியாயத்தை இந்தப் பதிவால தீர்க்க முடியாது. ஆனா அதனாலேயே நம்ம பிள்ளைங்க வீடு தேடும்போது கடைசியில வந்து நிக்கிறது நம்ம ஆளுங்க வீட்டு வாசல்லதான். ஒரு வீட்டுக்காரர் கசந்து போய் "இனிமே நம்ம ஆளுக்கே விட மாட்டேன்"னு சொன்னா, அந்தச் சண்டையில சம்பந்தமே இல்லாத அடுத்த குடும்பத்துக்கும் கதவு மூடுது. அதே மாதிரி, டெப்பாசிட்டைத் திருப்பித் தராத ஒரு வீட்டுக்காரரால, நம்ம ஆளுங்க வீடுன்னாலே பயப்படுற பிள்ளைங்களும் இருக்காங்க.

அதனால சண்டை வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். உள்ள போற நாள்லேயே செய்ய வேண்டியது நாலுதான்.

ஒண்ணு, எழுதுங்க. மூணு வருஷத்துக்கு மேல போகாத வாடகையை வாய்மொழியா பேசிக்கிறதும் செல்லும்தான். ஆனா வாய்மொழி மறந்து போகும்.

ரெண்டு, ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுங்க. 1,000 வெள்ளி வாடகை, ஒரு வருஷ ஒப்பந்தம்னா 48 வெள்ளி. ரெண்டு வருஷம்னா 144. 2025ல இருந்து முன்ன இருந்த 2,400 வெள்ளி விலக்கு இல்லை, அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கையெழுத்துப் போட்ட 30 நாளுக்குள்ள கட்டணும். முத்திரை இல்லாத காகிதத்தை நீதிமன்றம் ஆதாரமா எடுத்துக்காது, அப்புறம் தண்டம் கட்டித்தான் முத்திரை வாங்கணும்.

மூணு, ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டைச் சுத்தி வந்து படம் எடுங்க. சுவர், குழாய், கழிவறை, ஏர்கோன், மீட்டர்ல இருக்கிற எண். அதே இடத்துல நின்னு ஒருத்தர் இன்னொருத்தருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க.

நாலு, வாடகையைப் பேங்க் மூலமா கட்டுங்க. கையில கொடுத்தா ரசீது வாங்குங்க. "நம்ம ஆளுதானே, ரசீது கேட்டா தப்பா நினைப்பாங்க"ங்கிற கூச்சத்தை விடுங்க. அர்ச்சனைக்கே சீட்டு கொடுக்கிறோம், வாடகைக்கு ரசீது கேட்டா என்ன தப்பு?

கடைசியா ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். பல ஆலயங்களுக்குச் சொந்தக் கடை இருக்கு, வாடகைக்கு விட்டிருக்கோம். பூக்கடைக்காரருக்கும், பூஜைச் சாமான் கடைக்காரருக்கும் முதல்ல நாமே எழுத்துல ஒப்பந்தமும் ரசீதும் கொடுக்கணும். நாம செய்யாததை பக்தர்களுக்குச் சொல்ல முடியாது. அதுக்கு அப்புறம், மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை, பூஜை முடிஞ்சு, மண்டபத்துல ஒரு மேசை, நாலு நாற்காலி போடலாம். ஒரு சமூக மத்தியஸ்தரையோ இளம் வழக்கறிஞரையோ வரச் சொல்லிக் கேட்கலாம். திருவிழாவுக்கு நூறு தொண்டர்களைத் திரட்டுற நமக்கு இது பெரிய வேலை இல்லை. முதல் மாசம் யாரும் வராம இருக்கலாம். மேசையைப் போட்டு வைங்க.

உங்க ஆலயத்துல ஏற்கனவே இப்படி ஏதாவது நடந்தா எப்படிச் செய்றீங்கன்னு கீழே எழுதுங்க, கத்துக்குவோம். இப்போ பிரச்சினையில இருக்கிறவங்க பேர் போட்டு, முகவரி போட்டு இங்க எழுத வேணாம். தனியா செய்தி அனுப்புங்க, இல்லைன்னா வெள்ளிக்கிழமை கவுண்டருக்கு வாங்க.

எல்லாருக்கும் தலைக்கு மேல ஒரு கூரையும், அதுக்குக் கீழ நிம்மதியும் இருக்க அம்பாள் அருள் புரியட்டும்.

அன்புடன்,
உங்க ஆலயத் தொண்டன்